போத்தல் குறைந்த நாட்கள்

மருத்துவ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வந்தது வீரக் கதை அல்ல. ஒரு மனிதரைப் பத்தொன்பது நாள் பாராட்டிப் பாராட்டியே சாவின் வாசல்வரை கொண்டுபோன கதை. ஆள் பிழைத்துக்கொண்டார். அதனால்தான் இதை வெளியில் சொல்ல எனக்கு வாய் வருகிறது. பிழைக்காமல் போயிருந்தால், மற்றவர்களைப் போல நானும் உங்களிடம் சாதனைகளைத்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ரயில் எஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் டிரெஸ்ஸராக இருந்தேன். டாக்டர் இல்லாத இடத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்து, டாக்டர் மாதிரியே முகத்தை வைத்துக்கொள்ளும் ஆளுக்கு அப்போது அந்தப் பெயர். வயது இருபத்தேழு. முகத்தை வைத்துக்கொள்வதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகட்டும் என்று போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏற்றிவிட்டேன். அவள் போன மூன்றாம் மாதம் சண்டை வந்துவிட்டது. கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. பிறந்தது ஆணா பெண்ணா, பிரசவம் நல்லபடி ஆனதா, எதுவுமே தெரியாது. கிள்ளானில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. அவளுடைய சேலைகள் கொடியில் அப்படியே கிடந்ததால் அந்த வீட்டுக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் காலி செய்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் வந்து கிடந்தேன்.

அடுத்த அறையில் இருந்தவர்தான் வேலாயுதம். வயது ஐம்பதுக்கு மேல், பாய்லர் வேலை. எஞ்சினின் நெருப்புப் பெட்டி ஆறியும் ஆறாமலும் இருக்கும்போதே உள்ளே நுழைந்து, படிந்திருக்கும் கரியையும் சாம்பலையும் சுரண்டி எடுக்க வேண்டும். வெளியே வெயில், உள்ளே இரும்புச் சூடு. அவருடைய மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில் இருந்தார்கள். அவருக்கும் கடிதம் நின்றுபோயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால், வந்து கிடந்த பழைய கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பார். நானும் படிப்பேன். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்பதெல்லாம் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

அவருக்குச் சண்டைக்கு முன்பிருந்தே இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. ஊசி தேவைப்படாமல் சாப்பாட்டை அளந்தே சமாளித்து வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் எதை அளப்பது? அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்கு. சாதாரண ஆளுக்கே வயிறு உப்பும், இவருக்குச் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? தாகம் கூடியது. பானையைக் கவிழ்த்துக் குடிப்பார், குடித்ததெல்லாம் சிறுநீராகப் போகும். வெளியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், நோயாளிப் பதிவேட்டில் அவர் பெயரை எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்போது சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்ப்பதுதான் பரிசோதனை. சர்க்கரை அதிகமிருந்தால் நீலம் செங்கல் நிறத்துக்கு மாறும். அந்த மருந்தும் ஒருநாள் தீர்ந்துபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டேன், அங்கேயும் இல்லை. உடனே நான் சொந்தமாக ஒரு பரிசோதனை கண்டுபிடித்தேன். மருந்து வந்த பெரிய பழுப்பு நிறப் போத்தல் ஒன்றை அவரிடம் கொடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் சிறுநீர் போகிறது என்று தினமும் காலையில் வந்து சொல்லச் சொன்னேன். சர்க்கரை குறைந்தால் சிறுநீரும் குறையும், ஆகவே போத்தல் குறைந்தால் நோய் குறைகிறது என்பது என் கணக்கு. கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் மிக நன்றாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சொந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி யார் போய் இன்னொருவரிடம் கேட்பார்கள்?

முதல் வாரம் ஐந்து போத்தல் என்றார், பிறகும் ஐந்து என்றார். நான் உதட்டைப் பிதுக்கினேன், கிழங்கைக் குறைக்கச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் ஒருநாள் காலையில் வந்து நாலரை என்றார்.

அந்தக் காலையை நான் மறக்கவில்லை. எத்தனையோ மாதங்களாக யாரும் எனக்கு ஒரு நல்ல செய்தி சொன்னதில்லை. பேப்பரைத் திறந்தால் ஜப்பான்காரன் வெற்றி, தெருவில் நின்றால் யார் யாரை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற பேச்சு. அந்த நேரத்தில் ஒரு மனிதர் ஜன்னல் பக்கம் நின்று, ஐந்து நாலரை ஆகிவிட்டது என்கிறார். நான் எழுந்து போய் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நாலு. பிறகு மூன்றரை. ஒவ்வொரு காலையும் நான் அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். பட்டறையின் காலைச் சங்கு ஊதுவதற்குள் வந்துவிடுவார். மூன்று என்று சொன்ன நாளில் எனக்கென்று வைத்திருந்த சுருட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

நாலரையில் தொடங்கிய இந்தப் பத்தொன்பது நாளில் என் கண்ணில் பட்டவற்றையும் சொல்கிறேன். கண்ணில் பட்டது என்றுதான் சொல்கிறேன், பார்த்தேன் என்று சொல்லவில்லை. அவருடைய உதடு வெடித்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். இடுப்பு வாரில் புதிதாக ஆணியால் ஓட்டை போட்டிருந்தார். யாருக்குத்தான் அப்போது இடுப்பு சிறுக்கவில்லை? பட்டறைத் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டமாக நிற்பவர்களில் அவரைக் காணவில்லை. அவருடைய கன்னத்தில் எப்போதும் ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் ஆட்சியில் உங்களுக்கு மட்டும் எங்கேயிருந்து அண்ணே மிட்டாய் கிடைக்கிறது என்று கேலி செய்தேன். அவர் சிரித்தாரே தவிர வாயைத் திறந்து காட்டவில்லை. காட்டச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. போத்தல்தான் குறைந்துகொண்டிருக்கிறதே.

பத்தொன்பதாம் நாள் காலையில் ஒன்றரை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் போனால் முழுசாகக் குணமாகிவிடும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். குரல் கம்மி இருந்தது அவருக்கு. அதைக் கேட்டுக்கொண்டே சொன்னேன்.

மழை கண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. முற்பகல் பதினொரு மணி இருக்கும், பாய்லர் பகுதி ஆட்களை மேய்க்கும் மண்டோர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டிரெஸ்ஸர், வேலாயுதம் தள்ளாடுறான். கேட்டா ஒளறுறான். வாய்ல ஒரு மாதிரி வாடை வேற. சம்சு அடிச்சிட்டான் போல லா. ஜப்பான்காரன் ரவுண்டு வர்ற நேரம்."

சம்சு என்பது கள்ளச் சாராயம். வேலை நேரத்தில் குடித்தவனை ஜப்பான் அதிகாரி எப்படி அடிப்பான் என்பதை அதற்கு முன் இரண்டு முறை கட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஓடினேன். எஞ்சின் நிழலில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. மூச்சு நீளமாக, ஆழமாக இழுத்தது. அதில் வந்தது சாராய வாடை அல்ல, சர்க்கரை முற்றினவர்களின் மூச்சில் வரும் பழ வாடை. புறங்கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. வேர்வை ஒரு பொட்டு இல்லை. வாய்க்குள் விரலை விட்டு அந்த மிட்டாயை எடுத்தேன். அது ஒரு புளியங்கொட்டை. எச்சில் ஊறட்டும் என்று வாயில் அடக்கியிருக்கிறார். வெளியே வந்த கொட்டையில் எச்சில் ஈரமே இல்லை.

அந்தக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சர்க்கரை குறைந்தால் சிறுநீர் குறையும். குடிப்பதை நிறுத்தினாலும் குறையும். இது ஒரு பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அதிகாரி வந்துவிட்டான். பட்டறையில் கணக்கெழுதும் கிராணி அவனிடம் கொஞ்சம் ஜப்பான் பாஷை பேசுவார். என்ன நோய் என்று கேட்டான். இனிப்பு நீர் என்று நான் சொன்னால், வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி அட்டையைப் பிடுங்கிவிடுவான். பட்டறை அட்டை இல்லாதவனைத் தெருவில் பிடித்து சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல் நின்றால் குடிகாரன் என்றாகிவிடும். வெயில் அடித்து விழுந்துவிட்டார், இந்தச் சூட்டில் தண்ணீர் பக்கத்தில் இல்லாவிட்டால் எல்லாரும் இப்படித்தான் விழுவார்கள் என்று சொன்னேன். கிராணி அதை அப்படியே மொழிபெயர்த்தாரா, மசாலா சேர்த்தாரா என்று தெரியாது. அதிகாரி என் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுப் போய்விட்டான். கன்னம் நாலு நாள் வீங்கியிருந்தது, அட்டை தப்பித்தது.

மருந்தறைக்குத் தூக்கி வந்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பினேன். கதவருகே பாய்லர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்போது மண்டோரின் மனைவி ஒரு கிண்ணத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்தாள். உள்ளே சர்க்கரைத் தண்ணீர். அந்த நாளில் சர்க்கரை என்பது நினைத்துப் பார்க்கும் சாமானா? பெண்ணின் சடங்குக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒரு பிடியைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். நான் வேண்டாம் என்றேன். அவள் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள்.

"சாகப் போற மனுசனுக்கு ஒரு வாய் இனிப்புகூட குடுக்க மாட்டீங்களா, டிரெஸ்ஸர்?"

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கிண்ணத்தை வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. செத்தாலும் அத்தனை பேரும் என்னோடு அழுவார்கள். மறுத்து, அதன் பிறகு அவர் செத்துப்போனால், நான்தான் கொன்றவன், அந்தக் குவார்ட்டர்ஸில் என்னோடு பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஏற்கெனவே இருந்தவர் ஒரே ஒருவர், அவர் இதோ படுத்துக் கிடக்கிறார். ஆனால் நல்ல செய்தியும் சிரிப்பும் வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே இவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன் என்று ஒரு கசப்பு வந்தது. அக்கா, இவர் உடம்பில் ஏற்கெனவே சர்க்கரை பொங்கிக் கிடக்கிறது, இதை ஊற்றினால் இருக்கும் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லி, கிண்ணத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டியில் பாதி பாதியாகக் கொடுத்தேன். விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்து, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. டாக்டர் வந்து சேர இரண்டு மணி நேரமாயிற்று. அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குத்தான்.

"இவரு நாக்க கடைசியா எப்போ பார்த்தே?"

பத்தொன்பது நாளாகப் பார்க்கவில்லை என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோயாளியின் வாயைத் திறந்து அந்த நாக்கை எனக்குக் காட்டினார். காய்ந்த கருவாட்டுத் துண்டு போல இருந்தது. இன்சுலின் இருக்கிறதா என்று கேட்டேன், அதிகாரிகளுக்கென்று பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். கையோடு கொண்டுவந்த ஒரே ஒரு போத்தல் உப்பு நீரைத் தொடைத் தோலுக்கடியில் ஏற்றினார். மீதி உன் கரண்டியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார்.

அன்று பகலும் இரவும் மறுநாள் காலையும் அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைக்காவிட்டால் அந்தப் பழைய கடிதங்களை என்ன செய்வது என்று யோசித்தேன். அவர் மனைவிக்கு யார் எழுதுவது, எழுதினாலும் எந்தக் கப்பலில் போகும்? என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. என் மனைவி ஊரில் பிரசவத்தில் போயிருந்தால் எனக்கும் இப்படித்தான் செய்தி வராது என்று அப்போதுதான் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன்.

இரண்டாம் நாள் மத்தியானச் சங்கு ஊதியபோது, கரண்டியை விட்டுவிட்டுக் குவளையை அவரே பிடித்துக் குடித்தார். கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன், ஏன் அண்ணே இப்படிச் செய்தீர்கள், அட்டை போய்விடும் என்று பயந்தா?

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அட்டைக்கு என்னா பயம்? பேர எழுத மாட்டேன்னு மொதல்லயே நீங்க சொல்லிட்டீங்களே."

"அப்புறம் ஏன்?"

"அஞ்சுன்னு சொன்னா மொகம் சுருங்கிப் போவுது ஒங்களுக்கு. கொறச்சி சொன்னா சிரிக்கிறீங்க. பொய் சொல்ல மனசு வரல. அதான் தண்ணிய நிறுத்திட்டேன்." குவளையைக் கீழே வைத்தார். "நான் சிரிக்க வைக்கிறதுக்கு இங்க வேற யாரு இருக்கா, டிரெஸ்ஸர்?"

வெளியே போய்த் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு போத்தலைத் தூக்கி எறிந்துவிட்டேன். ஒவ்வொரு சங்குக்கும் அவர் மருந்தறை ஜன்னலுக்கு வர வேண்டும், இரண்டு குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பேன், இருவரும் சேர்ந்து குடிப்போம். தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். கிழங்கைப் பாதியாக்கி, வேலியோரம் முருங்கைக் கீரை, கிடைத்தால் நெத்திலி. ஐந்து போத்தல் போனால் போகட்டும், ஐந்துக்கு மேல் உள்ளே போகட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் நாக்கை நீட்டிக் காட்டுவார். சில நாள் கேலிக்காகக் காளி மாதிரி நீட்டுவார். அப்படியே ஜப்பான்காரன் போகும்வரை ஓட்டிவிட்டோம்.

கப்பல் விட ஆரம்பித்ததும் அவர் ஊருக்குப் போனார். போர்ட் சுவெட்டன்ஹாமில் அவர் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். எழுதத் தெரியாத மனிதர், கடிதம் எதுவும் வரவில்லை. என் மனைவியும் நான் பார்த்தே இராத பிள்ளையும் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார்கள். ஆண்பிள்ளை.

இப்போது உங்கள் காலத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தால் எண் வந்துவிடுகிறது. ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. நம் ஊர் வெயில் மட்டும் அதேதான். சர்க்கரை ஏறினவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வற்றிப்போவார்கள், வயதானவர்களுக்குத் தாகமே தெரியாது, சிராப் என்ற சர்க்கரைப் பானமும் தேத்தாரே என்ற பால் டீயும் தண்ணீர்க் கணக்கில் வராது என்பதெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஆணா பெண்ணா என்று தெரியாமல் நான் தவித்தேனே, அந்தப் பிள்ளை இப்போது சுபாங் ஜெயாவில் இருக்கிறான். எனக்கும் இனிப்பு நீர் வந்து பல வருஷமாகிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக இருக்கிறேன். தினமும் சாயங்காலம் அவன் போன் செய்து, இன்றைக்கு எத்தனை கிளாஸ் தண்ணீர் குடித்தீர்கள் அப்பா என்று கேட்பான். நேற்றும் கேட்டான். எட்டு என்றேன். வெரி குட் பா என்றான், அவன் குரலே மலர்ந்துவிட்டது. நான் குடித்தது மூன்று. வேலாயுதம் அண்ணனுக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை, எனக்கு வந்துவிட்டது.

உங்கள் கிளினிக்கில் என்னைப் போல ஒரு கிழவர் வந்து உட்கார்ந்து எட்டு கிளாஸ் என்று சொன்னால், நீங்களும் பதிலுக்குச் சிரியுங்கள், தப்பில்லை. சிரித்துவிட்டு அவரை நாக்கை நீட்டச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கிளாஸில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.